ஆவுடை உட்கார்ந்த வாசல்கள்

சிற்றாற்றங்கரையில் கல்லுமடை என்று ஓர் ஊர். அந்த ஊரில் மேட்டுத்தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற ஆவுடை என்று ஒருத்தி. நாற்பத்தெட்டு வயதில் அவள் இளைக்கத் தொடங்கியபோது, அவள் உடம்பிலிருந்து குறைந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுகிற வேலை யாருக்கும் இருக்கவில்லை. அது நேராக எதிர்வீட்டுப் பிச்சம்மாளிடம் போய்ச் சேர்ந்தது.

ஆவுடை ஒரே நாளில் கனத்தவள் இல்லை. முதல் பிரசவத்தில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், கர்ப்பப்பையை எடுத்துப் போட்ட பிறகு கொஞ்சம், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனசு வராமல் வழித்துத் தின்றதில் கொஞ்சம், மகளைக் கட்டிக்கொடுத்து மகனும் ஓசூருக்கு வேலைக்குப் போன பின்னும் நாலு பேருக்கு உலை வைக்கிற கை மாறாமல் போனதில் கொஞ்சம் என்று, வாடகைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து இறக்குவதைப் போல, அவள் கேட்காமலே அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது அந்தக் கனம். புருஷன் சங்கரலிங்கம் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் ஒன்றும் சொல்வதில்லை. அவனுடைய அக்கா வள்ளியம்மைதான், சுரண்டையிலிருந்து நல்லது கெட்டதுக்கு வரும்போதெல்லாம், நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து, "எங்க வீட்டு நெல்லுக் குதிரு வந்துட்டு, வழி விடுங்க" என்பாள். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து ஆவுடையும் சிரித்துவிடுவாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

பிறகு முட்டி வலி வந்தது. தையல் மிஷின் மிதிக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தத்தையும் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடாமல் இருக்க வேண்டுமானால் இளைக்க வேண்டும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த வருஷம்தான் மேலபஜாரில், மூடிக்கிடந்த அரிசி மண்டி ஒன்றை எடுத்து எஸ்தர் டீச்சரும் அவள் புருஷனும் உடற்பயிற்சிக் கூடம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். காலையிலும் மாலையிலும் ஆண்களுக்கு, பகலில் பெண்களுக்கு. எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து விலகியவள். விசிலைக் கழற்றினாலும் குரலைக் கழற்றாதவள். அவளிடம் ஒரு மிஷின் இருந்தது. வெறுங்காலோடு அதில் ஏறி, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். உறைக்காத ஒரு மின்சாரம் உடம்புக்குள் நுழைந்து, தலைக்கணக்கு எடுக்க வந்தவனைப் போல அறை அறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கொழுப்பு இவ்வளவு, சதை இவ்வளவு, எலும்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று திரையில் காட்டும்.

வெறும் தராசு போதாதா என்று ஆவுடை கேட்டதற்கு எஸ்தர் சொன்னாள்: "தராசு மூட்டையத் தூக்கிப் பாக்கும் அக்கா. உள்ள இருக்கது அரிசியா உமியான்னு அதுக்குத் தெரியாது. இது மூட்டையப் பிரிச்சுப் பாத்துச் சொல்லும்."

பிரித்துப் பார்த்ததில் முக்கால்வாசி உமிதான் என்று ஆவுடைக்குத் தோன்றியது. ஆனாலும் எஸ்தர் பழிக்கவில்லை. சோற்றைக் குறைத்து, பயறும் முட்டையும் சேர்த்து, விடிந்ததும் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து வரச் சொன்னாள்.

அப்படித்தான் ஆவுடை நடக்கத் தொடங்கினாள். போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி மேட்டுத்தெரு ஏற்றத்தில் ஏறும்போது முட்டி பிடித்துக்கொள்ளும். வீடு தெருவின் அந்தப் பக்கம்தான் என்றாலும் எட்டு வைக்க முடியாமல், எதிர்வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு எழுந்து போவாள். அது பிச்சம்மாளின் வாசற்படி. பிச்சம்மாள் பீடி சுற்றுகிறவள். மஞ்சள் காமாலை வந்து பிழைத்தவள். பிழைத்தாளே தவிர உடம்பு திரும்பவில்லை, எலும்புக்கு மேலே தோலைப் போர்த்தினாற்போல் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். இருவரும் பெரிதாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. இவள் மூச்சு வாங்குவாள், அவள் இலை சுற்றுவாள்.

முதல் தடவை மிஷினில் ஏறியதற்கும் அடுத்த தடவை ஏறியதற்கும் நடுவே ஆவுடைக்குக் கொழுப்பு நன்றாகவே குறைந்திருந்தது. அதே வாரத்தில் பிச்சம்மாள் தன்னுடைய ஜாக்கெட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, கை ஏறமாட்டேன் என்கிறது, பிரித்து விட வேண்டும் என்றாள். ஆவுடை தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியை வெளியே எடுத்து, அளந்து பார்த்தாள். தன்னுடைய ஜாக்கெட்டில் போன வாரம் எவ்வளவு பிடித்துத் தைத்தாளோ அவ்வளவே இதில் விட வேண்டியிருந்தது. தையற்காரிக்கு அதைப் புரிந்துகொள்ள வேறு சாட்சி தேவையில்லை.

"ஏளா, எங்கிட்ட இருந்து போனது ஒங்கிட்டதான் வந்திருக்கு போல," என்றாள்.

"நானும் அப்பிடித்தாங்க்கா நெனச்சேன். நீங்க வந்து ஒக்காந்துட்டுப் போற அன்னைக்கு நல்லாப் பசிக்கி," என்றாள் பிச்சம்மாள்.

அவ்வளவுதான் அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது. ஆவுடை நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ஜாக்கெட்டை எடுத்தாள்.

பங்குனி வெயில் ஏறியபோது முட்டி இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துக்கொண்டதால், அவள் மைதீன்பாத்து வீட்டு வாசலில் உட்கார வேண்டியதாயிற்று. மைதீன்பாத்துவின் மகள் குறை மாதத்தில் பெற்ற குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்த அந்தக் குழந்தைக்கு, ஆவுடை வந்து உட்காரத் தொடங்கிய பின் தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது, பிறகு மணிக்கட்டில், பிறகு கழுத்தில். கழுத்து மடிப்பில் பவுடர் போட வேண்டியிருக்கிறது என்று மைதீன்பாத்து தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் தெருவுக்குச் சங்கதி தெரிந்தது. ஆவுடை எந்த வீட்டு வாசலில் உட்காருகிறாளோ அந்த வீட்டில் ஆக மெலிந்த உடம்பு தேறும். இவ்வளவுதான் அது. ஏன் என்று கேட்பதற்கு மேட்டுத்தெருவில் யாருக்கும் நேரமில்லை.

வாசல்களில் நாற்காலிகள் முளைத்தன. முதலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதற்கு எதிரே நீலத்தில் ஒன்று, கல்யாண மண்டபத்துப் பெயர் எழுதிய வெள்ளை நாற்காலி ஒன்று, கோழி ஏறி உட்காராமலிருக்கக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் தலை தெரிந்ததும் நிமிர்த்தி வைக்கிற நாற்காலி ஒன்று என்று, விடிந்தால் தெரு ஒரு கூட்டத்துக்குக் காத்திருப்பதைப் போல ஆகிவிட்டது. ஒரு வீட்டில் தலையணை போட்டார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் வழியாக வயரை இழுத்து மேஜை ஃபேன் வைத்தார்கள். கன்றுக்குட்டியை நாற்காலிக் காலில் கட்டிவைத்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்ததும், வார்டு கவுன்சிலரும் பள்ளிவாசல் செயலாளரும் அம்மன்கோயில் தர்மகர்த்தாவும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு முறை வகுத்தார்கள்: முதலில் நோயாளி, அடுத்து பிள்ளைத்தாய்ச்சி, அதற்கடுத்து குழந்தைகள், வரன் பார்க்கிற பெண்கள் கடைசி, ஆடு மாடு கிடையாது, யாரும் அவளைக் கை காட்டிக் கூப்பிடக் கூடாது, அவளாக உட்கார வேண்டும். சத்துமாவு கொடுக்கிற நர்ஸ் வந்து தெருக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, சத்துமாவு நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து போனாள். அவள் மகிழ்ச்சியைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

முறையை வகுத்தபோது ஆவுடையை யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் அது அப்போது உறைக்கவில்லை. தன் கனத்தைச் சுமந்தே களைத்திருந்தவளுக்கு, அது இன்னொரு வீட்டில் போய்க் குழந்தையின் கழுத்து மடிப்பாக ஆகிறது என்பது, பழைய சேலையை வாங்கிக்கொண்டு போனவள் அதைத் தூளியாகக் கட்டிவிட்டாள் என்று கேள்விப்படுவதைப் போல இருந்தது. முட்டி வலி விட்டது. படி ஏறினால் மூச்சு இறைக்கவில்லை. புரட்டாசி வந்தபோது எஸ்தர் மிஷினைப் பார்த்துவிட்டு, போதும் அக்கா, இனிக் குறைய வேண்டாம், இதைக் காப்பாற்றினால் சரி என்றாள்.

ஆனால் நாற்காலிகள் வாசலில் அப்படியேதான் இருந்தன.

குறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தெரு அவளுக்கு ஊட்டத் தொடங்கியது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. கறக்கிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதில்லையா? அல்வா வந்தது, முந்திரிக்கொத்து வந்தது, உளுந்தங்களி நடுவே நல்லெண்ணெய்க் குழியோடு வந்தது, பாய்வீட்டிலிருந்து நெய்ச்சோறு தூக்குவாளியில் வந்தது. கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்று, தெம்பாக இருக்க வேண்டுமல்லவா என்று, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், அந்தப் பிள்ளையின் விலா எலும்பு தெரியும். ஆவுடை சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கனத்தாள், கனத்து நடந்தாள், நடந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்து இளைத்தாள், இளைத்ததும் மறுபடி தூக்குவாளி வந்தது. சங்கரலிங்கம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிச்ச அல்வாவைத் தொட்டுக்கொண்டு, இந்தத் தெருவில் நமக்கு இருக்கிற மரியாதை கலெக்டருக்குக்கூட இல்லை என்றான்.

இளைப்பது, பெருப்பது, இளைப்பது. தன் உடம்பு தன்னுடையது என்ற நினைப்பே அவளுக்கு விட்டுப்போயிற்று. அது தெருவில் வைத்த குடிதண்ணீர்க் குழாயைப் போல ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யாரும் அதனிடம் தாகமா என்று கேட்பதில்லை.

மார்கழியில் ஒருநாள், கோலப்பொடி எடுக்கத் தரையில் குந்தியவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினாள், கையும் வளைந்தது. கதவைப் பிடித்து, நிலையைப் பிடித்து, எழுந்து நின்றபோது தொடை இரண்டும் நடுங்கின. அன்றைக்குக் கத்தரிக்கோல் கனத்தது. வெட்டுத்துணி மூட்டையைப் பரணில் ஏற்ற முடியவில்லை. அதே காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிச்சம்மாள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தெருவில் சிரித்துக்கொண்டே போனாள். வாழைக்காய் வியாபாரி மகள் இசக்கியம்மாள், போன வருஷம் இருமல் தாங்காமல் கிடந்தவள், குண்டு எறிவதில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள், பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். படத்தில் அந்தத் தோளைப் பார்த்ததும் ஆவுடைக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. மிஷின் மிதித்து, குடம் சுமந்து, இரண்டு பிள்ளைகளை இரண்டு பக்கமும் தூக்கித் திரிந்த காலத்தில் கண்ணாடியில் பார்த்த தோள் அது.

மதியம் அவள் எஸ்தரிடம் போய் மிஷினில் ஏறினாள். எஸ்தர் திரையைப் பார்த்துவிட்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எடை மாறவே இல்லக்கா. புரட்டாசியில என்ன இருந்துச்சோ அதேதான். ஆனா மூட்டைக்குள்ள மாறிட்டு. நீங்க கொழுப்பக் குடுக்கியன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிய. கொழுப்பு வந்து தங்கிட்டு. போறதெல்லாம் சதை."

அல்வாவாக வருவது கொழுப்பாகத் தங்கிவிடுகிறது, நாற்காலியில் விட்டுவிட்டு வருவது காலும் தோளும் என்பது ஆவுடைக்கு மெல்லத்தான் புரிந்தது. திரும்ப வராதா என்று கேட்டாள்.

"சின்ன வயசுன்னா தானா வரும். நம்ம வயசுல தானா வராது. செடி வளக்க மாதிரி, வச்சு, தண்ணி ஊத்தி, காவலும் இருக்கணும். அதுக்கு முதல்ல பிடுங்குறத நிறுத்தணும்," என்றாள் எஸ்தர்.

ஆவுடை அன்றைக்கு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் விடிந்ததும் நடக்கப் போகாமல், நாற்காலிகள் இரண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிற தெருவின் நடுவே போய் நின்றாள். கோலம் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள். பல் தேய்த்தவர்கள் நுரையோடு நின்றார்கள். அவள் இதற்கு முன்னால் நாலு பேருக்கு நடுவே பேசினவள் இல்லை. ராத்திரி முழுவதும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது இவ்வளவுதான் வந்தது:

"நான் இனிமே யார் வாசல்லயும் ஒக்கார மாட்டேன். எங்கிட்ட மிச்சம் ஒண்ணும் இல்ல. இருக்கது எனக்கு வேணும்."

யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரிதாம்மா, உனக்கும் முடியணுமே என்றார்கள். சொல்லிவிட்டு, முறைப்படி அடுத்ததாக வரவேண்டியிருந்த வீட்டுக்காரி மட்டும், ஒரே ஒரு வாரம், எங்கள் வீட்டோடு நிறுத்திக்கொள்ளேன் என்று மெதுவாகக் கேட்டாள். மறுநாள் அதற்கடுத்த வீட்டுக்காரி அதையே கேட்டாள். நாற்காலிகளை யாரும் உள்ளே எடுக்கவில்லை. தை வெயிலில் அவை வெளிறின, மாசியில் அம்மன்கோயில் கொடைக்கு அடித்த சுண்ணாம்பு அவற்றின் மேல் தெறித்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். வைத்துக்கொண்டே கையை மூடிக்கொண்டாள் என்று குழாயடியில் ஒருத்தி சொன்னது, சொல்ல வேண்டியவர்கள் வழியாக அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. அவள் நடு ரோட்டிலேயே நடந்தாள். கால் தளர்ந்தால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மின்கம்பம் பெருத்ததாக யாரும் சொல்லவில்லை.

எஸ்தர் அவளைப் பிள்ளைக்கு நடை பழக்குவதைப் போலப் பழக்கினாள். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது மட்டும். பிறகு மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களைத் தூக்குவது. பிறகு இரும்பு. எதைத் தூக்கினாலும் முட்டியை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்று விசில் இல்லாமலே விசில் அடித்தாள். அவித்த முட்டையும் சுண்டலும் மீனும் தின்று ஆவுடைக்கு அலுத்தது. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருப்பதில் இன்னும் அலுத்தது. இளைப்பதில் ஒரு கொண்டாட்டம் இருந்தது; பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இதை யார் பார்க்கப் போகிறார்கள்? மாலையில் தொடை வலியோடு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். ஆனாலும் மறுநாள் போனாள். சித்திரை கழிந்து ஒருநாள் மிஷினைப் பார்த்த எஸ்தர், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை வந்திருக்கிறது என்றாள். அது காலிலா தோளிலா என்று தெரியவில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருப்பவளைப் போலச் சிந்தாமல் நடந்து வந்தாள்.

வைகாசியில் சங்கரலிங்கம் தன் அக்கா வள்ளியம்மையைக் காரில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். இரைப்பையில் கட்டி. திருநெல்வேலியில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு ஒரே மகன், துபாயில். முன்னறையில் கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்தபோது, கட்டிலில் சேலைதான் கிடக்கிறது என்று நினைக்கும்படி இருந்தாள். பார்க்க வந்த தெருவே அவளைப் பார்த்துவிட்டு ஆவுடையைப் பார்த்தது. கட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது சங்கரலிங்கம்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. கேட்கும் முன்னால் எல்லாம் வந்துவிடும். இப்போது சமையல்கட்டு நிலையில் நின்று, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஏளா, காலையில நடந்துட்டு வந்து அக்கா பக்கத்துல செத்த நேரம் ஒக்காந்து எந்திரியேன்," என்றான்.

பதில் முன்னறையிலிருந்து வந்தது.

"அவகிட்ட கேக்காத சங்கரா. அவ ஒடம்பத் தின்னுட்டு நான் எத்தன நாள் இருக்கப் போறேன்? பேசினது போதாதுன்னு அதையுமா திங்கணும்?"

பிறகு வள்ளியம்மைக்கு இருமல் வந்துவிட்டது. ஆவுடை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடை பாலம் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்காரும்போது அந்த எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வந்தது. போனால் போகட்டும் என்றும் இருந்தது, போய்விடுமே என்றும் இருந்தது. வள்ளியம்மை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், எழுந்து போளா என்றாள், ஆவுடை போகவில்லை. அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள். ஆனி பிறக்கும்வரை ஒருநாள் விடாமல் உட்கார்ந்தாள். தெரு காத்திருந்தது. சங்கரலிங்கம் டிப்போவிலிருந்து வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துப் பார்ப்பான், சந்தையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பார்ப்பதைப் போல. கை இன்னும் மெலிந்துகொண்டேதான் போயிற்று.

ஆவுடை எஸ்தரின் மிஷினில் ஏறினாள். ஒன்றும் போகவில்லை என்றாள் எஸ்தர். கொழுப்பு போகவில்லை, சதை போகவில்லை, சொல்லப்போனால் சதை இன்னும் கொஞ்சம் வந்திருக்கிறது. கைப்பிடியை விடாமல் ஆவுடை அங்கேயே நின்றாள். முதலில் அவளுக்குள் வந்தது நிம்மதி. அடுத்த மூச்சிலேயே அந்த நிம்மதியைப் பார்த்து வெட்கம் வந்தது. கேட்ட வீட்டுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த உடம்பு, அவளாகக் கொடுக்க நினைத்த ஒரே ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டது. எந்த நாளில் அது நின்றது, தெருவில் நின்று சொன்ன அன்றைக்கா, முதல் எலுமிச்சம்பழம் வந்த அன்றைக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. எஸ்தருக்கும் தெரியவில்லை. "இறங்குங்கக்கா," என்று மட்டும் சொல்லி, கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

சங்கதி அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் ஏற்றத்தில் ஏறும்போது, வீடுகளில் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைதீன்பாத்து தன்னுடையதைத் துடைத்து எடுத்துக்கொண்டே, ரசம் வேண்டுமானால் கொடுத்தனுப்பட்டுமா, உன் மயினி ஏதாவது குடிக்கிறாளா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. வாசல்கள் பழையபடி வெறும் வாசல்களாயின.

வள்ளியம்மைக்கு நடை நின்றுபோயிற்று. குளிப்பாட்ட, வெளிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். சங்கரலிங்கம் வண்டிக்கு அடியில் படுத்தே முதுகைத் தொலைத்தவன். அக்காவைத் தூக்கப் போய் அவனை நிமிர்த்த ஒரு ஆள் வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஆவுடை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, முட்டியை மடக்கி, முதுகை வளைக்காமல், நாத்தனாரின் தோளுக்கடியில் ஒரு கையும் முழங்காலுக்கடியில் ஒரு கையும் கொடுத்து எழுந்தாள். எழுந்துவிட்டாள். அப்படி எழுந்துவிட முடியும் என்று அவளுக்கே தெரியாது. மிஷின் திரையில் வெறும் எண்ணாக இருந்தது இப்போது தொடையிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகத் தோளுக்கு வந்து, இன்னொரு ஆளின் கீழே நின்றது. வள்ளியம்மை பிடிப்பதற்கு இடம் தேடி, வேறு வழியில்லாமல், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து கட்டிலுக்கு. பொழுது சாய்வதற்குள் ஆவுடைக்கு எலும்பெல்லாம் கழன்றுவிடும். படுத்தால் கூரையைப் பார்க்கக்கூடத் தெம்பு இருக்காது. வள்ளியம்மை தூக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். கொஞ்சம் மெதுவாகப் போ என்பாள், நிலையில் இடித்துவிடாதே என்பாள், உன்னிடம் சோப்பு வாசனை அடிக்கிறது, நல்ல சோப்பாக வாங்கக் கூடாதா என்பாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. ஆவுடையும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை, நிற்க நேரமில்லை.

ஆனி கடைசியில் மேற்கே மலை மறைந்து, சாரல் பிடித்தது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்ததும் வள்ளியம்மை கண்ணை விழித்து, சாரலா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், ஜன்னலில் வருவது காற்றுதான், சாரல் முகத்தில் படவேண்டும் என்றாள். முற்றத்துக்குத் தகரம் போட்டிருந்தது. தெருவில் வைக்க முடியாது, எல்லோரும் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தது மொட்டை மாடி. ஆவுடை படிகளைப் பார்த்தாள். பிறகு முட்டியை மடக்கினாள்.

படி குறுகலானது. ஒரு தோளைச் சுவரோடு உரசிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, திருப்பத்தில் ஒரு தடவை நின்று, சுவரில் சாய்ந்து, மறுபடி ஏறினாள். கதவை முதுகால் தள்ளிக்கொண்டு மாடியில் கால் வைத்தபோது, பொடி மாவு சலிப்பதைப் போல மழை விழுந்துகொண்டிருந்தது. உட்கார வைக்கலாமென்று பார்த்தால் தரையெல்லாம் நனைந்து கிடந்தது. அவள் தூக்கியபடியே நின்றாள். வள்ளியம்மை முகத்தை மேலே நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். இமையில், ஒட்டிய கன்னத்தில், வாயோரத்தில் சாரல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. தெரு முழுக்கக் கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டிலோ கடுகு தாளிக்கிற வாசனை வந்தது.

ஆவுடையின் முழங்கை எரியத் தொடங்கிற்று. தோள் மெல்ல நடுங்கியது.

"போதுமா மயினி? எறங்குவமா?"

வள்ளியம்மை கண்ணைத் திறக்கவில்லை. "கை வலிக்கோ?"

"வலிக்கி."

"அப்ப இன்னும் செத்த நேரம்," என்றாள் வள்ளியம்மை.

ஆவுடை அவளை ஒரு தடவை மேலே ஏற்றிப் பிடித்து, காலை அகட்டி வைத்துக்கொண்டு, நின்றாள்.